கல் தூள் கலந்தது

ஃபோம் ஏற்றிப் போகிற வண்டிக்காரன் பிழைப்பு ஒரு தினுசு. வண்டி கொள்ளாமல் அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, மேலே இன்னொரு வண்டி உயரத்துக்குக் கட்டியிருப்பேன். பார்க்கிறவர்கள் வண்டிக்காக உச்சுக்கொட்டுவார்கள். எடை போட்டால் நாலு ஆள் ஏறின கனம்கூட இருக்காது. பாலத்து மேல் போகும்போது பக்கக் காற்று அடித்தால் வண்டி என் பேச்சைக் கேட்காது. அப்படியே ஓட்டிப் பழகினவனிடம் மெத்தையம்மா ஒருநாள் கல் தூள் மூட்டை ஏற்றிவரச் சொன்னார்.

மெத்தையம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். நேரில் 'அம்மா'தான். ஒரு பெரிய ஃபோம் கம்பெனியில் பல வருஷம் வெட்டுகிற வேலை பார்த்தவர். பிறகு சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். ஃபோம் வாடை தலைவலி தருகிறது என்று பட்டறைப் பக்கமே தலைவைக்க மாட்டார். மகனுக்கு வேறு வேலை. மருமகள்தான் கூட நின்றாள்.

ஃபோம் செய்வதை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். இரண்டு பீப்பாயில் இரண்டு திரவம். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. ஒன்றாக ஊற்றி, துளைபோடுகிற மிஷினில் கம்பியை மாட்டி விறுவிறுவென்று கலக்கி, காகிதம் விரித்த பெரிய மரப்பெட்டியில் கொட்டுவார்கள். பெட்டியின் அடியில் எண்ணெய் மாதிரி கிடக்கும். நாம் எட்டிப் பார்த்து மூச்சு விடுவதற்குள் அது மூச்சு விட ஆரம்பித்துவிடும். உப்பிக்கொண்டே வந்து விளிம்பில் நிற்கும். ஆறினதும் பலகைகளைக் கழற்றினால் உள்ளே ஒரு பாளம், ரொட்டி மாதிரி மேல்தோலோடு. அதை ஏடு ஏடாக வெட்டினால் மெத்தை, திண்டு, நாற்காலி இருக்கை எல்லாம். மெத்தையம்மா கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் திரும்பி எழுகிற வேகத்தைப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் அந்தப் பாளம் கடைக்குப் போகாது. எத்தனை பெரிய ஆர்டராக இருந்தாலும் சரி.

சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, கல் பட்டறைக்காரர். மார்பிள் பலகைகளை அறுத்து, பாலிஷ் போட்டு, தரைக்கும் மேசைக்கும் கொடுப்பவர். நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "எங்க பொண்ணு கல்லு மேல நடந்து வளந்தவ. காத்தை அடைச்சு விக்கிற வீட்டுல எப்படி இருக்கப் போறாளோ" என்றார். விளையாட்டாகத்தான். மெத்தையம்மாவும் சிரித்த முகமாகவே பதில் சொன்னார்: "ஆமாங்க சம்பந்தி, நாங்க காத்தை விக்கிறோம். நீங்க கல்லை அறுத்து, அதுல ஒரு பங்கைச் சாக்கடைக்கு வித்துடுறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அதற்கப்புறம் சம்பந்திகள் நேருக்கு நேர் பேசினதில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் "உங்கப்பா காபி சாப்பிடுறாரான்னு கேளும்மா" என்று இவர் சொல்ல, "வேண்டாம்னு உங்கத்தைகிட்ட சொல்லும்மா" என்று அவர் சொல்ல, நடுவில் அந்தப் பெண் ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொள்ளாத குறை.

சம்பந்தி சொன்னது கிண்டல் என்றாலும் மெத்தையம்மா சொன்னது உண்மை. கல்லை அறுக்கும்போது வாள் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீரோடு அரைபட்ட கல்லும் சேர்ந்து வெள்ளைச் சேறாக ஓடும். அதைத் தொட்டியில் தேக்கி, வாரி, பட்டறைக்குப் பின்னால் கொட்டிவைப்பார் சம்பந்தி. வருஷக்கணக்கில் கொட்டினதில் அது ஒரு சின்ன மலையாகவே ஆகிவிட்டது. மழை வந்தால் கரைந்து தெருவுக்கு வரும். வெயிலில் காய்ந்தால் கொடியில் போட்ட துணியில் போய் உட்காரும். போதாக்குறைக்கு வாள் போடுகிற கூச்சல் வேறு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா தைத்து முடித்த துணியைத் திரும்பத் துவைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தெருவையே திரட்டிவிட்டார். நகராட்சி ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்தார். குவியலை அப்புறப்படுத்து, சத்தத்தைக் குறை, இல்லையென்றால் பூட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? குப்பைக்கிடங்கில் சேர்க்க மாட்டேன் என்றார்கள். காலி மனைக்காரர்கள் வேலி போட்டார்கள். நீளவாய்க்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது பெண்ணுக்குத் தாங்கவில்லை.

மெத்தையம்மாவுக்கு விஷயம் தெரிய வந்தது சாப்பாட்டு டப்பாவால். மருமகள் கொண்டுவந்த டப்பாவை அப்படியே திருப்பி எடுத்துப்போவதை இரண்டு தடவை கவனித்திருக்கிறார். மூன்றாவது தடவை பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாமியார் கையைக் கழுவிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"வண்டியை எடுத்துட்டுப் போய் அந்தத் தூள்ல ரெண்டு மூட்டை கொண்டா. நான் கேட்டேன்னு சொல்லாத."

"வேற என்னன்னு சொல்றதுங்கம்மா?"

"சுவத்துக்குப் பூசன்னு சொல்லு."

நான் போய் அப்படியே சொன்னேன். கல்லுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தச் சுவருக்கு, யார் வீட்டுச் சுவருக்கு என்று கேட்கவில்லை. இரண்டு மூட்டைக்குப் பதில் ஆறு மூட்டை ஏற்றிவிட்டார்.

முதல் நாள் கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பழைய கம்பெனியில் இருக்கும்போது ஃபோமில் சாக்பீஸ் தூள் மாதிரி ஏதோ சேர்ப்பதை மெத்தையம்மா பார்த்திருக்கிறார். எவ்வளவு, எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வாளித் தூளை ஒரு திரவத்தில் போட்டுக் கலக்கினார். மாவு பிசைகிற மாதிரி கம்பி திணறியது. இரண்டாவது திரவத்தை ஊற்றிப் பெட்டியில் கவிழ்த்ததும் அது எழுந்தது. எழுந்தது என்றால், நிற்கவே இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அசந்துபோன வீடு மாதிரி விளிம்பைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி, தரையில் வழிந்து, எங்கள் காலை நோக்கி வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். மெத்தையம்மா மட்டும் நகரவில்லை. அவர் செருப்பு அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்று, அது எப்படி எழுகிறது, எங்கே வெடிக்கிறது, எப்போது அமுங்குகிறது என்று கடைசிவரை பார்த்தார். நடுவில் பள்ளம் விழுந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. ஏதோ ஒரு ஆளை முதல்முறை சந்தித்துப் பேசிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

ஈரம்தான் வில்லன் என்று கண்டுபிடித்தது மருமகள். தூள் கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் அந்தத் திரவம் தாறுமாறாகப் பொங்கும் என்றாள். மாமியாரும் மருமகளுமாகக் கொட்டகைக் கூரைத் தகரத்தில் தூளைப் பரப்பினார்கள். முகத்தில் மாஸ்க், தலையில் துண்டு, புருவமெல்லாம் வெள்ளை. வெயிலில் காய்ந்ததை இரும்புத்தட்டில் போட்டு வறுத்தார்கள். சலித்தார்கள். அளவைக் குறைத்தார்கள், கூட்டினார்கள். ஒன்று வெந்தும் வேகாமல் பிசுபிசுத்தது. ஒன்று ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பட்டறை மூலையில் கெட்டுப்போன பாளங்கள் கூரையைத் தொட்டன. பட்டறையில் பாளம் வெட்டுகிறவர் என்னிடம், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று ரகசியமாகக் கேட்டார். எனக்கும் சந்தேகம் இருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில் ஒன்று சரியாக வந்தது. சாம்பல் கலந்த வெள்ளை. தூக்கினால் கை இறங்கியது. அழுத்தினால் மெதுவாக, அவசரமே இல்லாமல் திரும்பி எழுந்தது. மருமகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் சோபாக்காரர் வந்தார். எங்களிடம் மாதாமாதம் மெத்தைப் பாளம் எடுக்கிறவர். புதுப் பாளத்தைத் தூக்கிப் பார்த்தவுடன் அவர் கண் மின்னியது. மெத்தையை எடை போட்டுத்தானே எடுக்கிறார்கள், இதை உள்ளே வைத்து மேலே ஒரு ஏடு நல்லதைப் போர்த்தினால் யாருக்குத் தெரியப்போகிறது, இரண்டு பேருக்கும் லாபம் என்றார்.

மெத்தையம்மா அவரை வீட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு மெத்தையைக் காட்டினார். இதில் மெத்தை செய்யலாமா என்ற யோசனை மெத்தையம்மாவுக்கு முன்பே வந்திருக்கிறது. கெட்டதா நல்லதா என்று தெரிந்துகொள்ள, கல் தூள் பாளத்தில் ஒரு மெத்தை செய்து அவரே அதில் படுத்துவந்திருக்கிறார். இடுப்பு படுகிற இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. தையல் ஓரத்தில் வெள்ளைப் பொடி கசிந்தது. வாத்தியார் ஏற்கனவே பாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

"படுக்கிறதுக்கு இது ஆகாதுங்க. தெரிஞ்சும் கொடுத்தா அது திருட்டு" என்றார் மெத்தையம்மா. குரலை உயர்த்தவில்லை.

சோபாக்காரர் சிரித்துக்கொண்டே போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. மெத்தையில் மண்ணைக் கலக்கிறார்கள் என்று கடை கடையாகப் பேச்சு கிளம்பியது. நான் இறக்கிவிட்டு வந்த மெத்தைகளை நானே திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் சரக்கைப் பல வருஷமாக வாங்கினவர்கள்கூட என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சோபாக்காரர் கடைமுன் வண்டியை நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டுமா என்று மெத்தையம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு கத்தி, தீப்பெட்டி, இரண்டு தகரமூடி எடுத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

கடை கடையாகப் போனோம். ஒவ்வொரு கடையிலும் ஒரே வேலைதான். கடைக்காரரையே கூப்பிட்டு, அவர் கையாலேயே எங்கள் மெத்தையில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். நடுவில் கிழித்து ஒரு விரல் அளவு துண்டு எடுப்பார். கூடவே கொண்டுவந்த கல் தூள் பாளத்திலிருந்து இன்னொரு துண்டு. கடைக்கு வெளியே, திறந்தவெளியில், இரண்டையும் தனித்தனி மூடியில் வைத்துக் கொளுத்துவார். மெத்தைத் துண்டு உருகிக் கருப்பாகச் சொட்டி ஒன்றுமில்லாமல் போகும். மற்றதில் எரிந்து முடிந்தபிறகு வெள்ளைப் பொடி மிஞ்சும்.

"இது நான் உங்களுக்குக் கொடுக்கிறது. இது நான் செஞ்சு பாத்துட்டு இருக்கிறது. ரெண்டையும் மறைக்கல" என்பார். அவ்வளவுதான். கிழித்த மெத்தையை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் புதுசு வைத்துவிட்டு வருவார்.

சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் காபி வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் கடைசிவரை நம்பவில்லை. அவர்கள் இன்றைக்கும் எங்களிடம் வாங்குவதில்லை. ஒரு கடையில் காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், யார் என்ன சொன்னாலும் சரி, இதுவரை யாரும் என் கண்முன் கொளுத்திக் காட்டினதில்லை என்று சொல்லி அங்கேயே இரண்டு மெத்தை எடுத்துப்போனார். வண்டியில் ஏறினபிறகு மெத்தையம்மா கரி படிந்த தகரமூடிகளைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

பேர் மிஞ்சியது. ஆனால் கல் தூள் பாளம் எதற்கு ஆகும் என்பது மட்டும் தெரியவில்லை. படுக்க ஆகாது. பெட்டிக்குள் பொருளைப் பொத்தி அனுப்பக் கனம் அதிகம். கெட்டதும் நல்லதுமாக வெட்டிக் குவித்த கல் தூள் ஷீட்டுகளை வைக்க இடமில்லாமல், மருமகள் கம்ப்ரஸரைச் சுற்றி நாலு பக்கமும் நிறுத்தி வைத்திருந்தாள். கம்ப்ரஸர் என்பது காற்றை அழுத்தித் தருகிற மிஷின், எங்கள் பட்டறையின் காட்டுக்கத்தல். அது ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமென்றால் காதைப் பிடித்து இழுத்துத்தான் பேசவேண்டும்.

ஒரு மதியம் மருமகள் அந்தப் பக்கமாக நின்று போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கம்ப்ரஸர் ஓடுகிறது, யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். மெத்தையம்மா அடுத்த அறையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் இருந்தேன். அவள் சொன்னது எனக்கே தெளிவாகக் கேட்டது. அத்தை ரொம்ப இளைத்துவிட்டார்கள், இவ்வளவும் நம் அப்பாவுக்காகத்தான் செய்கிறார்கள், அப்பா ஒரு வார்த்தை வந்து பேசினால் குறைந்தா போய்விடுவார் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெத்தையம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். மருமகள் முகம் வெளுத்துவிட்டது. போன் தானாகக் கீழே இறங்கியது.

"கம்ப்ரஸர் ஓடுதா?" என்று கேட்டார் மெத்தையம்மா.

"ஓடுது அத்தை."

மெத்தையம்மா குனிந்து ஒரு ஷீட்டை விலக்கினார். காதைப் பிளக்கிற சத்தம். திரும்ப வைத்தார். சத்தம் போர்வைக்குள் போன மாதிரி அடங்கியது. விலக்கினார், வைத்தார். பிறகு சாதாரண மெத்தை ஷீட் ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். அதற்கு அந்தப் பவிசு இல்லை. மருமகளும் புரிந்துகொண்டு இன்னொரு பக்கத்து ஷீட்டை விலக்கி வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். போனில் அவள் அம்மா "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்தது என்ன என்று யாரும் யோசிக்கவே இல்லை. மறுவாரம் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு கல் பட்டறைக்குக் கிளம்பினோம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபோம் ஏற்றின என் வண்டி காற்றுக்கு ஆடாமல் போனது. தண்ணீர் தெறிக்கிற இடம் என்பதால் ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு பக்கம் ரெக்ஸின் ஒட்டியிருந்தார்கள்.

மெத்தையம்மா வண்டியிலிருந்து இறங்கினதைப் பார்த்ததும் கல்லுக்காரர் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். உட்காரச் சொல்ல மகள் அருகில் இல்லையா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். அவள் வேண்டுமென்றே வண்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

"சம்பந்தி, வாள் ஓடுற கொட்டகையைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லுங்க. உங்க பொருளைத்தான் திருப்பிக் கொண்டுவந்திருக்கேன்" என்றார் மெத்தையம்மா.

வேலை பொழுது சாயும்வரை நடந்தது. சுவருக்கும் கதவுக்கும் ஷீட் அடித்தோம். வாள் நிற்கிற இரும்புக்காலுக்கு அடியில் தடித்த துண்டு செருகினோம். காற்று போகிற வழியை அடைக்காமல் அங்கே மட்டும் ஷீட்டை வளைத்து மறைப்பு மாதிரி கட்டினார் மெத்தையம்மா. கல்லுக்காரர் சுத்தியல் கேட்டால் சுத்தியல், ஏணி கேட்டால் ஏணி, கூடவே நின்று எடுத்துக்கொடுத்தார். கீழே கிடந்த ஒரு துணுக்கை எடுத்து விரலால் கிள்ளி, உள்ளே மினுங்குகிற தன் கல்லையே வெகுநேரம் பார்த்தார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பெரிய கல் பலகையை வைத்து வாளை ஓட்டச் சொன்னார் மெத்தையம்மா. நாங்கள் எல்லோரும் தெருவில் போய் நின்றோம். சத்தம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவில் யாரோ எதையோ அறுக்கிற மாதிரி ஒரு இரைச்சல் இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவுநாடாவோடு வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்தார், பட்டறையைப் பார்த்தார்.

"இன்னைக்கு லீவா?" என்று கேட்டார்.

கல்லுக்காரர் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்துகாட்டினார். வாள் சீறிக்கொண்டு கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார். கதவைச் சாத்தினதும் கையை எடுத்தார். திரும்பவும் திறந்துகாட்டச் சொன்னார். கல்லுக்காரர் அவருக்காக மூன்று தடவை திறந்து மூடினார்.

பிறகு மெத்தையம்மா பக்கம் திரும்பினார். நடுவில் யாரும் இல்லை.

"எனக்கு இதுக்கு என்ன பேசுறதுன்னு தெரியல சம்பந்தியம்மா" என்றார்.

"தூளை ஈரமில்லாம காயவெச்சு அனுப்புங்க. அது போதும்" என்றார் மெத்தையம்மா. சொல்லிவிட்டு, அவர் துடைத்துவைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கல்லுக்காரரே உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆபீஸ் ஆள் மறுபடி வந்தபோது தெருக்காரர்களே சத்தம் பரவாயில்லை என்றார்கள். குவியலை அப்புறப்படுத்தத் தவணை கிடைத்தது. மலை ஒரேயடியாகக் கரைந்துவிடவில்லை. இன்னும் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியபடி. ஆனால் அது இப்போது வளர்வதில்லை. கல்லுக்காரர் வறுக்க ஒரு அடுப்பும் சலிக்க ஒரு மிஷினும் போட்டுவிட்டார். ஷீட் கேட்டு அச்சகத்துக்காரர் வந்தார், மாவுமில்காரர் வந்தார், ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஷீட்டின் மேலும் 'கல் தூள் கலந்தது, படுக்கைக்கு ஆகாது' என்று மருமகள் அச்சுக்குத்தினாள். அப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று மகன் கேட்டதற்கு, தெரிந்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்களாம்.

சம்பந்திகள் இப்போது நேரடியாகப் பேசுகிறார்கள், பேச்செல்லாம் சண்டைதான். தூள் நைஸாக இல்லை என்று இவர் சொல்வார், இதற்கு மேல் நைஸாக வேண்டுமென்றால் பவுடர் டப்பாவில்தான் அடைக்க வேண்டும் என்று அவர் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும்.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் அறைக்கு ஷீட் அடித்தோம். அந்த அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பிறந்த குழந்தைகள் இருக்கிற வார்டு. வேலை முடிந்து சாமான்களை நான் வண்டியில் ஏற்றிவிட்டேன். மெத்தையம்மா வரவில்லை. தேடிக்கொண்டு உள்ளே போனால், ஜெனரேட்டரை ஓடவிடச் சொல்லிவிட்டு, வார்டு வராண்டா பெஞ்சில் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். சுவரில் சத்தம் கசிகிற இடத்தைக் காதால் தேடிக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து போய், குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு துண்டை வெட்டி வெட்டி, பொருத்திப் பார்த்து, கட்டைவிரலால் அழுத்தி அந்த இடுக்கை அடைத்தார். அங்கே ஒரு இடுக்கு இருந்ததை எங்களில் யாரும் பார்க்கவில்லை.

கையில் குழந்தையோடு போன நர்ஸிடம், இப்போது கேட்கிறதா என்று கேட்டார். எது என்று கேட்டாள் நர்ஸ். மெத்தையம்மா குழந்தையை மட்டும் ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்கு நடந்தார்.

ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். பகலெல்லாம் ஏணியில் நின்ற களைப்பு. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. மெயின் ரோட்டில் வேகத்தடை அதிகம். நான் ஆற்றோரமாகப் போகிற சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினேன்.